சாம்பிராணிக்குத் தணல்

நொய்யல் கரையில் இப்போதெல்லாம் கொட்டாங்குச்சியை யாரும் வீட்டில் எரிப்பதில்லை. தேங்காயை உடைத்தவுடன் அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். அங்கே கரியாகி, தண்ணீரிலுள்ள சாயத்தையும் பூச்சிமருந்தையும் உறிஞ்ச, வீட்டுக்கு வீடு குழாய்க் குடுவைக்குள் திரும்பி வரும். உறிஞ்சி ஓய்ந்த கரியை எடுத்துக்கொண்டு புதியதைப் போடுவது மருதாசலத்தின் வேலை.

“பழைய கரிய அடுப்புப் பக்கமே கொண்டுபோயிராதீங்க. சூடுபட்டா குடிச்ச விசத்தையெல்லாம் கக்கிரும்” என்று வாசலுக்கு வாசல் சொல்வான்.

அன்று மாலை அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது சாம்பிராணி மணந்தது. கூடவே சாயப்பட்டறை நெடியும் அடித்தது. மனைவி கோகிலம், குளிப்பாட்டிய கைக்குழந்தையை மடியில் கவிழ்த்து, ஈரத் தலையைப் புகைக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“தணலு ஏது கோகிலம்?”

“நம்ம குழாய்க் கரிதானுங்க. காலைல மாத்திப் போட்டுட்டு அப்படியே வெச்சுட்டுப் போனீங்கல்ல? சும்மாதான கெடக்குதுன்னு வெயில்ல காயப்போட்டு எடுத்துப் பத்த வெச்சேன். எத்தனை நாளைக்குத்தான் பாப்பாவை ஈரத் தலையோட உடறது? புகை பட்டதும் எப்படித் தூங்கறா பாருங்க.”

அவன் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினான். தெருக்காற்றில் வைத்து உலுக்கினான். அதன் தலை தோளில் துவண்டு விழுந்தது.

“ஏனுங்க, என்னாச்சு? சொல்லுங்க!” என்று அலறிக்கொண்டே கோகிலம் பின்னால் வந்தாள்.

ஊர் முழுக்கச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை, அவன் இந்த வாசலில் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.