ஒற்றைக் கைக்கு ஒரு தீப்பெட்டி

வலது கையை முந்தானையால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

இனி இடது கைதான். அவனுக்கும் இருப்பது அது ஒன்றுதானே.

அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், இரண்டு ஆணியில், அவள் செய்த பெட்டி தொங்கியது. கெட்டி அட்டை. அடியில் ஒரு குச்சி நுழையும் அளவுக்குப் பிளவு. அதன் கீழே உரசும் பட்டை. மேலே நிறைய அடைத்தாலும் கீழே ஒன்றே ஒன்றுதான் வர வேண்டும்.

விரலால் இழுத்தாள்.

பொலபொலவென்று ஒரு பிடி கொட்டியது.

"சனியனே" என்று பெட்டியைத் திட்டினாள்.

கட்டிலில் கிடந்த புருஷன் தன்னைத்தான் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். நினைத்தால் நினைக்கட்டும்.

அவனுடைய வலது பக்கத்தைப் பக்கவாதம் வாரிக்கொண்டு போன நாளிலிருந்து அந்த வீட்டில் நெருப்பு என்றால் அவள்தான். பீடிக்கு அவள். டீக்கு அவள். இடது கையிலோ கட்டைவிரல் கிடையாது. அது மர அறுவை மில்லில் எப்போதோ போனது. லைட்டரை அமுக்க முடியாது. தீப்பெட்டியைத் திறந்தால் குச்சியெல்லாம் தரையில். பிளாஸ்க்கில் ஊற்றி வைக்கலாம் என்றால், ஐயாவுக்கு அடுப்பிலிருந்து இறக்கிய டீதான் தொண்டையில் இறங்கும்.

பெண்கள் விடுதிச் சமையலுக்கு ஆள் வேண்டுமென்று வார்டன் அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். இவளும் சொல்லிவைத்திருக்கிறாள், அவருக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்துவிட்டு வருகிறேன் என்று.

சம்பளத்துக்காகக்கூட இல்லை. காலையில் தலைசீவி, பொட்டு வைத்து, பஸ் ஏற வேண்டும். நாலு பேரோடு சத்தம்போட்டுச் சிரிக்க வேண்டும். இந்த ஒற்றை அறைக்குள் அவளுக்கு மூச்சு முட்டுகிறது.

கொட்டிய குச்சிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முன்பு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைத்தவள். மருந்துத் தலையெல்லாம் ஒரே பக்கம் பார்க்க வைத்தே பழகிய கை. இங்கேயும் அப்படியே அடைத்துவிட்டது. தலைப்பக்கம் தடித்து மேடு தட்டுகிறது, மறுபக்கம் சரிகிறது. கொட்டாமல் என்ன செய்யும்?

ஒன்றை இந்தப் பக்கம் வைத்தாள். அடுத்ததை அந்தப் பக்கம். கை ஒப்பவே இல்லை. பின்னால் கங்காணி நின்று பார்ப்பதுபோல் கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுக்கினாள்.

இழுத்தாள்.

ஒரு குச்சி.

மறுபடி இழுத்தாள். ஒன்று. இன்னொரு தரம். ஒன்றுதான்!

கட்டைவிரல் படாமல் விரலிடுக்கில் பிடித்து உரசினாள். எரியும் குச்சியை பர்னர் மேல் வைத்தாள். அதே கையால் குமிழைத் திருப்பினாள். குப்பென்று நீலமாகப் பிடித்தது.

தனக்குத்தானே வாய்விட்டுச் சிரித்தாள்.

சுவரில் சாய்ந்து சாய்ந்து நடக்கிறவனை அடுப்புப் பக்கம் நிறுத்தி, எல்லாவற்றையும் செய்து காட்டிவிட்டு அடுப்பை அணைத்தாள். அவன் ம் என்றான்.

"கடைக்குப் போய்ட்டு வாரேன். டீ வேணும்னா நீங்களே போட்டுக் குடிங்க."

கடைக்குப் போகவில்லை. பஸ் நிற்கும் இடம்வரை நடந்தாள். விடுதி வழியாகப் போகும் பஸ் வந்தது. ஏறுகிறாயா என்று கண்டக்டர் பார்த்தான். நாளைக்கு என்று தலையாட்டினாள். யாரென்றே தெரியாத அந்த ஆளிடம் அதைச் சொன்னதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆற அமரத் திரும்பி வந்தாள்.

பெட்டி தரையில் கிடந்தது. இரண்டாகப் பிய்ந்து. வீடெல்லாம் குச்சி.

அவன் கட்டிலில் இருந்தான். வாயில் பற்றவைக்காத பீடி.

"ஏ புள்ள, இழுத்தேன், கையோட வந்துருச்சு. எனக்கு இதெல்லாம் சரிப்படாது. நீ வர்ற வரைக்கும் தொண்ட காஞ்சு கெடக்கேன்."

அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டு குனிந்து குச்சிகளைப் பொறுக்கினாள். எழும்போது அடுப்பைப் பிடித்தாள்.

சுட்டது.

பர்னர் மேல் அவள் வைத்த குச்சிக்குப் பக்கத்தில் இன்னொரு கரிந்த குச்சி கிடந்தது. டீப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

பக்கத்தில் தம்ளர்கள். ஈரத்தோடு.

இரண்டு.

அவளுக்கும் போட்டிருக்கிறான். ஊற்றி வைத்துக்கொண்டு, எப்போது வருவாள், காட்டலாம் என்று வாசலையே பார்த்திருப்பான். பார்க்கப் பார்க்கத்தான் அந்தப் பயம் வந்திருக்கும். இனி இவள் போய்விடுவாள் என்று. அவள் பங்கைக் கொட்டிக் கழுவிவிட்டுத்தான் பெட்டியைப் பிய்த்திருக்கிறான்.

படுபாவி மனுஷன்.

கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

போன் அடித்தது. வார்டன் அக்கா.

"பொட்டி முடிஞ்சுச்சா? நாளைக்கு வந்துருவீல்ல?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லக்கா" என்றாள். "பொட்டி இன்னும் சரியா வரல."

அந்தப் பக்கம் அக்கா அலுத்துக்கொண்டாள். எத்தனை நாள்தான் இடத்தைப் பிடித்து வைப்பதாம். இவள் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

"ஒண்ணொண்ணாத்தான் வந்துச்சு" என்றான் அவன், சுவரைப் பார்த்தபடியே. "நல்லாத்தான் வந்துச்சு, புள்ள."

அவள் திரும்பவில்லை. போனைக் காதில் வைத்தபடியே, பொறுக்கிய குச்சிகளை ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று அடுக்கினாள்.

போனில் அக்கா, அலோ, அலோ, இருக்கியா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.