புறப்பட்ட இடம்

மின்சாரம் இல்லை. ஜன்னலால் சரியும் காலை வெயிலைச் சிறு கண்ணாடியில் ஏந்தி, புனிதத்தின் வாய்க்குள் திருப்புகிறார் டொக்டர். அவளுடைய கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அது புற்றுநோய்தான் என்று சோதனையில் தெரிந்துவிட்டது. ஆனால் கழுத்தில் தொடங்கியதல்ல.

"வேறை எங்கையோ இருந்து வந்திருக்கம்மா. அந்த இடத்தைத்தான் தேடுறன்."

"எங்களை மாதிரி இடம்பெயர்ந்து வந்திருக்கு," என்று சிரிக்கிறாள் புனிதம்.

"சிரிக்காமல் வாயைத் திறவுங்கோ."

அவள் திறக்கிறாள். பக்கத்தில் நிற்கும் அவள் கணவன் செபமாலையின் வாயும் தானாகத் திறந்துகொள்கிறது. வலை இழுத்துக் காய்த்துப்போன அவன் கை அவள் தோளில் கிடக்கிறது. கையுறை போட்ட விரலொன்று நாக்கின் வேர்ப்பக்கத்தைத் தடவிச் சென்று ஓரிடத்தில் நிற்கிறது.

"இஞ்சைதான். சின்னப் புண். இடம் தெரிஞ்சிட்டுது, இனி வைத்தியம் தொடங்கலாம். ஆனால் கொழும்புக்குப் போகவேணும்."

"நானும் வாறன்," என்கிறான் செபமாலை.

"இஞ்சேருங்கோ, அப்ப கடலுக்கு ஆர் போறது?" என்று அவனைப் பார்க்கிறாள் புனிதம்.

"கடல் எங்கையும் போகாது," என்றபடி குனிந்து, அவள் நாடியில் வழியும் எச்சிலை உள்ளங்கையால் துடைத்துவிடுகிறான்.