மூன்றாம் வரிசைத் தும்மல்

ஞானவடிவு டீச்சர் பாடகர்களுக்குப் பக்கவாத்தியமாக வயலின் வாசித்தே தலை நரைத்தவர். பாடகர் பாடிய வரி அடுத்த மூச்சில் அவர் வில்லில் இழையும். வேறு யாராவது தொடங்கிவைக்காமல் வீட்டில் கொட்டாவிகூட விடமாட்டார். அப்படிப்பட்டவருக்கு முதன்முதலாகத் தனிக்கச்சேரி கிடைத்தது. மேடையேறினார், சுருதி சேர்த்தார், வழக்கம்போல வலப்பக்கம் பார்த்தார். அங்கே பாடகர் இல்லை. வில் எழும்பவில்லை. காத்திருந்த மிருதங்கக்காரருக்கு மீசை ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டது. "டீச்சர், ஆரம்பிங்க டீச்சர்!" என்று முன்வரிசையிலிருந்து அவரிடம் வயலின் கற்கும் பல் டாக்டர் லில்லி கெஞ்சினாள். "இன்னும் ஒரு நிமிஷம் பார்ப்பேன், அப்புறம் திரையை இறக்கிடுவேன்" என்று சபா செயலாளர் கயிற்றைப் பிடித்தார். அந்தப் பதற்றத்தில், மூன்றாம் வரிசையில் இருந்த நான் மூக்குப்பொடியை ஒரு சிட்டிகை கூடுதலாக இழுத்துவிட்டேன். தூணில் சுண்ணாம்பு உதிரும்படி ஒரு தும்மல். சட்டென்று வில் எழுந்தது. என் தும்மல் அட்சரம் பிசகாமல் தந்தியில் ஒலித்து, கல்யாணி ராகமாக விரிந்து, மூன்று மணிநேரம் ஓயவில்லை. கைதட்டலில் மின்விசிறிகள் எதிர்ப்பக்கம் சுற்றின. மறுநாள் பக்கத்து ஊர்ச் சபாவிலிருந்து எனக்குப் போன் வந்தது. "ஞாயித்துக்கிழமை டீச்சரோட தனிக்கச்சேரி சார். நீங்க வெறுங்கையோட வந்தாப் போதும், பொடி நாங்க வாங்கி வச்சிட்டோம்."