எண்பத்திரண்டு கிலோவுக்கு ஒரு பரண்

"இதிலை இருந்து ஆள் விழாது எண்டு எழுதித் தருவீங்களோ, தம்பி?"

பேனாட் சிரித்துவிட்டான். பொலிதேயாமாச் சதுக்கத்தில் ஒரு இத்தாலியரின் வேட்டைச் சாமான் கடையில் பதினொரு வருடமாக நிற்கிறான். எத்தனையோ விதமான ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். ஆனால் மரத்தில் ஏறிக் குந்தியிருக்கிற பரண் கேட்டு ஒரு தமிழ்ப் பெண் வந்தது இதுதான் முதல் தடவை.

"எழுதித் தாறதுக்கு நான் என்ன நொத்தாரிசோ அக்கா? முதல் சொல்லுங்கோ, ஆருக்கு?"

"என்ரை மனுசனுக்கு."

பெயர் துஷாந்தி என்றாள். லிபெர்த்தாத் தெருவில் ஒரு பெரிய வீட்டில் அவளுக்கும் கணவன் விக்னராஜாவுக்கும் வேலை. வீட்டுக்காரர் மலைக்கு மான் வேட்டைக்குப் போனால் விக்னராஜாவும் கூடப் போவாராம்.

"அவர் துவக்குத் தொடமாட்டார். மேலை ஏறி இருந்து, மான் வருதோ எண்டு பாத்துச் சொல்லுறது மட்டும்தான். அதிலை அப்பிடி ஒரு பைத்தியம்! ஞாயிற்றுக்கிழமை எண்டால் வீடும் இல்லை, கோயிலும் இல்லை."

"மரத்திலை அப்பிடி என்ன கிடக்கு?"

"அங்கை வேலை சொல்ல எந்த வீட்டுக்காரச் சிஞ்ஞோராவும் கூப்பிடமாட்டாவாம்."

ஆளைக் காணாமலே பேனாட்டுக்கு அவரைப் பிடித்துப்போனது. இரண்டு பரண்களை இறக்கி வைத்தான்.

"இந்த மலிவானதைத் தொடாதேங்கோ. பல்லைப் பாருங்கோ, மழுங்கல். மரத்தைக் கவ்வாது. மற்றது நல்லது. மேலை இருக்கை, கீழை கால் தட்டு. இரண்டையும் கம்பி வடம் மரத்தோடை சுத்திப் பிடிக்கும். இருக்கையை உயர்த்திப்போட்டு, காலாலை தட்டை இழுத்து, அப்பிடியே அரக்கி அரக்கி ஏறவேண்டியதுதான்."

"தட்டு கழண்டு கீழை போனால்?"

"போகாமல் இருக்கத்தான் இந்தக் கயிறு. இருக்கையோடை சேத்துக் கட்டிவிடுறது."

"கட்ட மறந்திட்டார் எண்டால்?"

"பெல்ட் போட்டிருந்தால் தொங்குவார். விழமாட்டார்."

"இடுப்பிலை மட்டும் போட்டிருந்தால்?"

"இடுப்புப் பெல்ட் சரிவராது அக்கா. தொங்கினால் மூச்சை அடைச்சுப்போடும். தோளையும் துடையையும் சேத்துப் பிடிக்கிறதுதான் வேணும். நிலத்திலை இருந்து காலை எடுக்க முதலே கொழுவோணும்."

"மூச்சு அடைக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?"

பேனாட் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பாணுக்கு விலை கேட்பதுபோலக் கேட்டுவிட்டு நின்றாள். 

"அது... தெரியாது. ஆளின்ரை நிறை எவ்வளவு?"

"எண்பத்திரண்டு கிலோ. இப்ப எவ்வளவு எண்டு தெரியேல்லை."

"என்ன மரத்திலை ஏறப்போறார்? மரத்தின்ரை தடிப்பு தெரியவேணும். பட்ட மரமெண்டால் ஏறவே கூடாது."

"இப்ப அவர் நிக்கிற இடம் நான் காணாத இடம். என்ன மரம் எண்டு கேட்டனான். அவர் சொல்லுறாரில்லை."

"அப்ப ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பெல்ட்டை உடம்பிலை போட்டுப் பாக்காமல் நான் தரமாட்டன்."

"அவர் வரமாட்டார், தம்பி."

"நம்பரைத் தாங்கோ. நான் கதைக்கிறன்."

அவள் தயங்காமல் சொன்னாள். பேனாட் தன் போனில் அழுத்தினான். அவளுடைய தோள்பைக்குள் ஒரு போன் அடித்தது. அவள் பையைத் திறக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, அது அடித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இது அவரின்ரை போன்தானே? ஏன் உங்களிட்டை இருக்கு?"

"ஒவ்வொரு நாளும் சார்ஜ் போடுறன். எடுக்கிறாரில்லை."

மாதாவே, இவள் மனுசனை ஏதோ செய்யப்போகிறாள்! பேனாட் பரணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். சாமான் விற்காவிட்டால் கடை முதலாளி, அந்தப் பத்ரோனே, கத்துவான். கத்தட்டும்.

"குறை நினையாதேங்கோ அக்கா, நான் இதை விக்கமாட்டன். உங்களுக்குள்ளை என்ன பிரச்சினையோ எனக்குத் தெரியாது. நாளைக்கு அந்த மனுசன் விழுந்து கிடந்தால், என்ரை கையாலை குடுத்த சாமான் எண்டு செத்தாலும் எனக்கு ஆறாது."

அவள் சப்பாத்துப் போட்டுப் பார்க்கிற முக்காலியில் பொத்தென்று இருந்தாள். அதுவரை கல்லாக இருந்த முகம் உடைந்தது.

"விழக்கூடாது எண்டுதானே இந்தப் பாடு படுறன்! அதைவிட எனக்கு வேறை என்ன வேணும், தம்பி?"

பேனாட் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவன் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தாள்.

"நீங்கள் வேதக்காரர். உங்களுக்கு இது விளங்காது," என்று முகத்தைத் துடைத்தாள். "நாளையிண்டைக்கு அவரின்ரை முப்பத்தோராம் நாள். செத்தவருக்குப் போய்ச் சேரும் எண்டு குடையும் செருப்பும் தானம் குடுக்க ஐயர் வாங்கிவரச் சொன்னவர். குடையை வைச்சு என்ரை மனுசன் என்ன செய்யிறது? அங்கையும் ஒரு மரத்தைக் கண்டால் ஏறாமல் இருக்கமாட்டார், தம்பி. இந்த முறையாவது விழாமல் இருக்கட்டும்."