பாதி விமானம்
ஓட்டுச் சந்து வழியே நண்பகல் வெயில் தரையில் விழுகிறது. பட்டாளத்து விமானத்தில் வேலைபார்த்த மகன் சென்றாயன், பெட்டியில் துண்டுகளாக வந்த பொம்மை மர விமானத்தைப் போன விடுமுறையில் பாதி செய்து வைத்துவிட்டுப் போனான். இப்போது அதற்கு அவன் அப்பா மாரப்பன் இறக்கை பொருத்துகிறார். கூட வந்த தாளில் எல்லாம் இங்கிலீஷ். படத்தைப் பார்த்தே அவர் கை நகர்கிறது. சூடான வச்சிரப் பசையின் நாற்றம் அறையெங்கும் நிற்கிறது. இறக்கை ஒடிந்து மகனுடைய விமானம் பர்மாக் கடலில் விழுந்துவிட்டதாகக் கடிதம் வந்து இன்றோடு ஒன்பது நாள். "ஏனுங்க, ரெக்கைக்கு இன்னுங் கொஞ்சம் பசை வைங்க," என்கிறாள் மனைவி முத்தாயம்மாள். "போதும், நல்லாப் புடிச்சிருச்சு." "உங்களுக்கு எப்படீங்க தெரியும்?" அவர் குச்சியை மறுபடியும் பசையில் தோய்க்கிறார். அவள் இரு கைகளாலும் இறக்கையை மரத்தோடு சேர்த்து அழுத்துகிறாள். பசை காய்ந்து இறுகுகிறது. வெயில் சுவரேறி மங்குகிறது. "உடு, முத்தாயி," என்கிறார். அவள் இன்னும் அழுத்துகிறாள்.