பூஜ்யம் போட்ட மூக்கு

சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு கையைத் தூக்கி நின்ற முன்பின் தெரியாத ஆளின் அக்குள் பக்கம் அவள் மூக்கைக் கொண்டுபோனாள். கண்ணை மூடி, நிதானமாக மூச்சை இழுத்தாள்.

"என் சம்சாரமே இவ்வளவு கிட்ட வந்து நாளாச்சுக்கா," என்றான் அவன். காதுமடல் சிவந்திருந்தது.

"கையை இறக்காதீங்க," என்றாள். பதினான்கு வருட வேலை. கூச்சம் எப்போதோ விட்டுப்போயிருந்தது.

அழகுசாதனக் கம்பெனியின் சோதனைக்கூடம் அது. எரிமலைப் பாறையை அரைத்து எடுத்த ஜியோலைட் பொடி ஒன்று வந்திருந்தது. முகத்தில் பூசினால் எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சும், அக்குளில் பூசினால் வியர்வை நாற்றத்தை விழுங்கும் என்றார்கள். விழுங்குகிறதா என்று முகர்ந்து மார்க் போட இரண்டு பேர். ஒருத்தி அவள். இன்னொருவர், எல்லோரும் மூக்கண்ணன் என்று கூப்பிடும் பெரியவர்.

அவரும் குனிந்து முகர்ந்து நிமிர்ந்தார். அவசரமே படமாட்டார். "எழுதும்மா, எழுது," என்று பேனாவை உருட்டிக்கொண்டு அவளைப் பார்த்தபடி நிற்பார்.

அவள் பூஜ்யம் என்று எழுதினாள், நாற்றமே இல்லை என்று அர்த்தம். அவரும் பூஜ்யம். ஐந்து மாதமாக இருவர் தாளிலும் பூஜ்யம்தான்.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "டப்பாவே அச்சுக்குப் போயாச்சு! கடைசியா ஒரே ஒரு சோதனை. மத்தியானம் பவுடர் போடாத ஆளையும் நடுவுல கலந்து விடுவோம். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாதபடி தடுப்பும் வைப்போம். தலைமை ஆபீஸ் உத்தரவு. உங்க மூக்குக்கு இதெல்லாம் ஜுஜுபி."

அவள் தலையாட்டினாள். பயம்கூட வரவில்லை. ஆறு மாதமாக எதுவுமே வரவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து பாதி ஆபீஸைப் படுக்கவைத்தது. அவள் வீட்டில் அது அவள் கணவனைக் கொண்டுபோனது. காரியமெல்லாம் முடிந்த பிறகு, கதவுக்குப் பின்னால் தொங்கிய அவன் சட்டையை எடுத்து முகத்தில் புதைத்தாள். வெறும் துணி. வாசனை என்று ஒன்றுமே இல்லை. அப்போதுதான் தன் மூக்கு செத்துவிட்டது தெரிந்தது. அழ நினைத்தாள், அதுவும் வரவில்லை. மறுநாள் வேலைக்கு வந்துவிட்டாள்.

இந்த வேலை போனால் மகளின் படிப்பு பாதியில் நிற்கும். வேறு வழியில்லை. மதியச் சாப்பாடு முடிந்து, கை கழுவும் இடத்தில் மூக்கண்ணனைப் பிடித்தாள்.

"அண்ணே, எனக்கு வாசனை தெரியாது. ஆறு மாசமாச்சு."

அவர் கை அப்படியே நின்றது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ நீ போட்ட மார்க்கெல்லாம்?"

"உங்களைப் பார்த்துப் போட்டதுதான். நாத்தம்னா உங்களுக்குப் புருவம் ஏறும்ல? இந்தப் பவுடர் வந்ததுலேர்ந்து ஒரு தடவைகூட ஏறல. நானும் பூஜ்யமா போட்டுட்டே வந்தேன்." கணக்கு ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "மத்தியானம் நாத்தம் இருந்தா மட்டும் ஒரு தடவை செருமுங்க. தடுப்புக்கு அந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். பொண்ணு படிப்பு முடியறவரைக்கும்தான், அண்ணே. அப்புறம் நானே போயிடறேன்."

மூக்கண்ணன் குழாயை மெதுவாக மூடினார். ஆறு மாதமாக அழாத, சிரிக்காத, எதற்கும் அசையாத அவள் முகத்தை இப்போதுதான் முதல்முறை பார்ப்பவர்போல் பார்த்தார்.

"உன் முகம் சுளிக்கலையேன்னுதாம்மா நான் பூஜ்யம் போட்டேன்!"