சாமி வளருது

"அரசாங்க ஆஸ்பத்திரியில சாமிக்கு என்னய்யா வேலை? அதுக்கென்ன காய்ச்சலா?"

புதிதாக வந்த கண்காணிப்பாளர் போட்ட சத்தத்தில், சீட்டு எழுதுகிறவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் கோபத்தில் நியாயம் இருந்தது. சீட்டுக் கொடுக்கிற ஜன்னலுக்கு மேலே ஆளுயரத்துக்கு ஒரு சாமி படம். சுற்றிலும் மினுக் மினுக்கென்று கலர் பல்பு வேறு. முந்தின நாள் வேறு மதத்துக்காரர் ஒருவர், துவண்டு போன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்தபடி நின்றிருக்கிறார். கண்காணிப்பாளர் அந்தப் பக்கம் போனபோது இவரிடம் மெதுவாகக் கேட்டாராம்: "ஐயா, இது எங்களுக்கும் உண்டான ஆஸ்பத்திரிதானே?"

அந்தக் கேள்வி இவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. காலையிலேயே பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"சார், இது வெறும் காலண்டர்" என்றார் மருந்து கொடுக்கிறவர்.

"காலண்டர்ல தேதி இருந்தா போதும். கழட்டுங்க."

"சார், இது எங்க மாமியார் ஆசையா கொடுத்த படம்" என்றார் லேப் அம்மா.

"அப்ப மாமியார் வீட்லயே மாட்டுங்க."

"சார், இது வேத வசனம். நல்ல விஷயம்தானே?" என்றார் எக்ஸ்ரே எடுக்கிறவர்.

"நல்ல விஷயம் மனசுல இருக்கட்டும். சுவத்துல வேணாம்."

தன் அறையில் இருந்த, தான் கும்பிடுகிற சாமியின் படத்தையும் தன் கையாலேயே கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். வந்த புதிதில் 'சரிசமம் சார்' என்று அவருக்குக் கேலியாகத்தான் பேர் வைத்திருந்தார்கள். அன்றைக்கு அதையே மரியாதையாகச் சொன்னார்கள்.

ஆனால் ஆளுக்கொரு காரணம் சொல்ல, கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துப் போயிருந்தது. "இனிமே ஒருத்தர் காரணமும் எனக்கு வேணாம்" என்றபடிதான் குழந்தைகள் வார்டுக்குள் நுழைந்தார்.

ஜன்னலோரக் கட்டிலுக்குப் பின்னால், சுவரில், பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள்.

'சாமி வளருது.'

"பார்த்தியாய்யா அநியாயத்தை! சாமி வளருதாம்! இன்னிக்கு எழுத்து, நாளைக்கு ஒரு கல்லு, நாளன்னிக்கு உண்டியல். அப்புறம் குழந்தைங்களையெல்லாம் வராண்டாவுல படுக்க வைக்க வேண்டியதுதான்!"

குனிந்து பார்த்தார். எழுத்துக்குப் பக்கத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சின்னச் சின்னக் கோடுகள்.

"இது என்ன, சாமி ஏறுறதுக்கு ஏணியா?"

பெயிண்டர் சிரித்தார். வார்டு சிஸ்டர் சிரிக்கவில்லை.

"சார், அது வந்து..."

"வந்தும் வேணாம், போயும் வேணாம் சிஸ்டர்."

"அது அந்தச் சாமி இல்ல சார்."

"எந்தச் சாமியா இருந்தா என்ன? எனக்கு எல்லாச் சாமியும் ஒண்ணுதான். யோவ், உப்புத்தாள் போட்டு நல்லா தேய்ச்சுட்டு அடிய்யா!"

"ஒரே ஒரு நிமிஷம் சார்..."

அதற்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டார். அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுத்திருக்கலாம். குடியா முழுகிப் போயிருக்கும்?

சுவர் வெள்ளை வெளேரென்று ஆனது. மகளைத் தோளில் போட்டு வந்தவர் மறுபடி வந்தார். சீட்டு ஜன்னலுக்கு மேலே இருந்த வெறும் சுவரை நிமிர்ந்து பார்த்தார். எல்லோரையும் போல பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். தூரத்திலிருந்து அதைப் பார்த்த கண்காணிப்பாளருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதில் தப்பு சொல்ல முடியாது, நல்ல காரியம்தான் செய்திருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம். வார்டுக்குள் வந்தவர் அப்படியே நின்றார். ஒரு பெண் அந்தச் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நகத்தால் பெயிண்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் பக்கத்திலேயே நின்றார், தடுக்கவில்லை.

"ஏம்மா, ஏம்மா! அரசாங்கச் சுவரை இப்படிச் சுரண்டலாமா?"

அவள் பதறி எழுந்தாள். "அடியில இருக்குமோன்னு பார்த்தேங்க."

"அடியில என்ன இருக்கும்? சாமியா?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் குரல் இறங்கிவிட்டது.

"இதோ பாரும்மா, நான் உங்க சாமிக்கு விரோதி இல்ல. கும்பிடறதுக்கு எத்தனையோ இடம் இருக்கு. இது எல்லாருக்கும் பொதுவான இடம். உங்க ஒருத்தர் சாமிக்கு நான் சுவத்தை விட்டா, நாளைக்கு ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் வந்து அவங்கவங்க சாமியை எழுதுவாங்க. நீங்களே சொல்லுங்க, எழுதுவாங்களா இல்லையா?"

"எழுதுவாங்கதான் சார். நீங்க சொல்றது சரிதான்."

"அப்ப எதுக்கும்மா அழறீங்க?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுவரில் தன் இடுப்பு உயரத்துக்கு உள்ளங்கையை வைத்து, மேலேயும் கீழேயும் தடவித் தடவிப் பார்த்தாள்.

"நான் கும்பிட வரலைங்க. எங்க வீட்ல மகனைச் 'சாமி'ன்னுதான் கூப்பிடுவோம். இந்தக் கட்டில்லதான் மாசக்கணக்கா கிடந்தான். போன மாசம் போயிட்டான். கடைசியா எவ்வளவு உயரம் இருந்தான்னு ஒரு தடவை தொட்டுப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேங்க."